உளுந்து விலை ஏறினால் எனக்கு அடி, இறங்கினால் அண்ணனுக்கு அடி. இறக்குமதியை நிறுத்தினால் சரியாகிவிடுமா?

மாவுக்கடைக்காரி (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். செல்லூர் பக்கம் ஒன்பது வருடமாக இட்லி மாவுக்கடை வைத்திருக்கிறேன். தினமும் 12 கிலோ உளுந்து, 50 கிலோ இட்லி அரிசி ஊற வைக்கிறேன். அரிசி விலை எனக்குப் பெரிய தொந்தரவு கொடுத்ததில்லை. ஆட்டிவைப்பதெல்லாம் உளுந்துதான்.

போன வருடம் உருட்டு உளுந்து கிலோ 140 வரைக்கும் வாங்கினேன். ஒரு பாக்கெட்டுக்கு 5 ரூபாய் ஏற்றினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்து வரும் ஒரு கொத்தனார் வீட்டம்மா, மூன்று பிள்ளைக்காரி, எப்போதும் ஒரு கிலோ வாங்குபவள், அன்றைக்கு "அரைக்கிலோ போதும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று பிள்ளைக்கும் அரைக்கிலோவில் எத்தனை இட்லி வரும் என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

இந்த வருடம் விலை இறங்கியிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. ஆனால் என் அண்ணன் விளாத்திகுளம் பக்கம் ஆறு ஏக்கர் கரிசலில் உளுந்தும் பாசிப்பயறும் போடுகிறார். 2023 மார்கழி முதல் நாள் பெய்த பேய்மழையில் காய் பிடித்து நின்ற செடி மொத்தமும் தண்ணீரில் போனது. இந்தப் புரட்டாசியில் மறுபடி கடன் வாங்கி விதைத்திருக்கிறார். 2025-26-க்கு உளுந்துக்கு அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள். ஊருக்கு வரும் வியாபாரி அதைவிடக் குறைத்துத்தான் பேசுகிறாராம். கேட்டால், "பர்மா சரக்கு கப்பல் கப்பலாக வந்து நிற்கிறது" என்கிறாராம்.

அண்ணன் சொல்கிறார்: "வெளிநாட்டுச் சரக்கை நிறுத்தினால்தான் நமக்கு விடியும். நம் சாப்பாட்டை நாமே விளைவிப்பதுதான் உணவுப் பாதுகாப்பு." அவர் சொல்வது சரி போலத்தான் இருக்கிறது. ஆனால் நிறுத்திவிட்டால் நான் எதை அரைப்பேன்? அந்தக் கொத்தனார் வீட்டம்மா எதை வாங்குவாள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி)

அக்கா, உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. நான் டெல்டாக்காரன். எங்கள் அப்பா காலத்தில் சம்பா அறுப்பதற்குப் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்பார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். கால் வைத்தால் சேறு ஒட்டக்கூடாது, விதை மட்டும் பதிய வேண்டும். அறுவடை ஆள் நெல்லை அறுத்துக்கொண்டே போக, அடியில் இரண்டு இலை விட்ட உளுந்து நிற்கும். தண்ணீர் கிடையாது, உழவு கிடையாது. பனியும் மண் ஈரமும் போதும், 70 நாளில் காய்.

இப்போது அறுவடை மெஷின்தான். அந்தச் சக்கரம் ஏறினால் முளைவிட்ட செடி மண்ணோடு மண். அதனால் பலர் அறுவடைக்குப் பிறகு விதைக்கிறார்கள். அதற்குள் ஈரம் காய்ந்துவிடும். அப்புறம் மஞ்சள் தேமல் நோய். இதையெல்லாம் தாண்டி ஏக்கருக்கு இரண்டு, இரண்டரை குவிண்டால் எடுத்துப் பங்குனியில் விற்கப் போனால், சரியாக அதே நேரம் பர்மாவிலும் அறுவடை முடிந்து சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறது. வரி இல்லாமல். நாங்கள் யாரோடு போட்டி போடுவது? எங்கள் பகுதியில் பலர் உளுந்தை விட்டுவிட்டுப் பருத்திக்குப் போனது இதனால்தான். இறக்குமதியை அடியோடு நிறுத்த வேண்டும். வேறு வழியில்லை.

---

பழைய கணக்குப்பிள்ளை (விருதுநகர்)

அம்மா, நான் விருதுநகரில் ஒரு பருப்பு கமிஷன் மண்டியில் 34 வருடம் கணக்கு எழுதியவன். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் உங்கள் வீட்டில் நடப்பதைத்தான் நான் பேரேட்டில் 34 வருடம் பார்த்தேன்.

நிறுத்தினால் சரியாகாது. ஆனால் உங்கள் அண்ணன் கோபம் நியாயமானது, மன்னார்குடித் தம்பி சொல்வதும் பொய்யில்லை.

முதலில் சரக்கைச் சொல்கிறேன். மண்டிக்குக் காலையில் மாதிரிப் பொட்டலம் வரும். ஒரு தட்டில் நாட்டு உளுந்து, பக்கத்துத் தட்டில் பர்மா. முதலாளி ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு, நசுங்கினால் ஈரம். பர்மாச் சரக்கில் பெரிய மணிக்கு எஸ்கியூ, சாதாரணத்துக்கு எஃப்ஏகியூ என்று பேர். சென்னையில் இறங்கும் இந்த இரண்டின் விலையைக் கேட்டுக்கொண்டுதான் நாட்டு உளுந்துக்கே விலை பேசுவார்கள். உங்கள் அண்ணனுடைய கரிசல் காட்டு விலை சென்னைத் துறைமுகத்தில் முடிவாகிறது என்று அவர் நினைப்பது நிஜம்தான்.

அந்தப் பர்மா உளுந்தை யார் போடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஐராவதி டெல்டாவிலும் பெகு பக்கத்திலும் நெல் அறுத்த வயலில், மிச்ச ஈரத்தில், மன்னார்குடித் தம்பியைப் போன்ற ஆட்கள்தான் போடுகிறார்கள். அவர்கள் அதற்கு மட்பே என்று சொல்வார்கள். பெரும்பகுதி நமக்காகவே விளைகிறது. அவர்கள் ஊரில் நம்மைப் போல இட்லியும் வடையும் கிடையாது. நாம் வாங்காவிட்டால் அதற்குப் பெரிய சந்தை வேறு இல்லை.

நம் நாட்டில் உளுந்து வருடத்துக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் விளைகிறது. கப்பலில் வருவது அண்மையில் 6 லட்சம் டன்னைத் தாண்டியிருக்கிறது. இதை ஒரே நாளில் நிறுத்தினால் உங்கள் கடையில் பாக்கெட்டுக்கு 5 ரூபாய் ஏற்றுவதோடு முடியாது.

இனி நான் கண்ணால் பார்த்த கதை. 2014-லும் 2015-லும் மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. 2013-14-ல் 1 கோடியே 92 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் மொத்தப் பயறு விளைச்சல் 2015-16-ல் 1 கோடியே 63 லட்சம் டன்னுக்கு இறங்கியது. 2015 ஐப்பசியில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாய் பக்கம் போனது. மண்டியில் போன் ஓயவில்லை. உடனே அரசாங்கம் ஆதரவு விலையை ஏற்றியது. 2016 ஜூலையில் மொசாம்பிக் நாட்டோடு துவரை வாங்க ஒப்பந்தம் போட்டது. நல்ல காரியம்தான். விலையைப் பார்த்து நம் விவசாயியும் விதைத்தான், மழையும் பெய்தது. 2016-17-ல் விளைச்சல் 2 கோடியே 31 லட்சம் டன். அதே வருடம் கப்பலில் 66 லட்சம் டன் பயறு வந்து இறங்கியது. இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் கிட்டங்கிக்குள் வந்தால் என்ன ஆகும்?

மானாமதுரைப் பக்கத்திலிருந்து ஒருவர் துவரை கொண்டுவந்தார். பழைய ஆள், எங்கள் மண்டிக்கே இருபது வருடமாக வருபவர். விலையைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. மூட்டை வாயைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளினார், பார்த்தார், திரும்ப உள்ளே போட்டுவிட்டு வாயைக் கட்டினார். வண்டி வாடகை கொடுத்துத் திரும்பக் கொண்டுபோக அவரிடம் பணம் இல்லை. நானே பட்டியல் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டில் எழுதிய தொகை இன்றைக்கும் என் மனதில் நிற்கிறது.

பிறகு 2017 ஆகஸ்டில் கதவைச் சாத்தினார்கள். துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன், வருடத்துக்கு அவ்வளவுதான் என்று உச்சவரம்பு. நம் ஆளுக்கு அது தாமதம், அறுவடைப் பணம் ஏற்கெனவே போய்விட்டது. பர்மாக்காரனுக்கு அது இடி, நம்மை நம்பி விளைவித்ததைக் கிட்டங்கியில் அடுக்கி வைத்திருந்தான். இரண்டு பக்கமும் விவசாயி அடிபட்டு, இரண்டு பக்கமும் விதைப்பது குறைந்து, கொஞ்ச வருடத்தில் மறுபடி தட்டுப்பாடு. 2021 மே மாதம் மறுபடி கதவைத் திறந்தார்கள். அந்த வருடம் பிப்ரவரியில்தான் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. டாலர் கிடைக்கவில்லை, அவர்கள் பணத்துக்கு அரசு விலை ஒன்று, வெளியே விலை ஒன்று. 2024 ஜனவரியில் ரூபாயிலேயே நேராகப் பணம் கட்டும் ஏற்பாடு வந்தது. நம் ஊர் இட்லி எத்தனை நூலில் தொங்குகிறது பாருங்கள்.

ஆகவே அம்மா, இறக்குமதி இருப்பது ஆபத்தில்லை. அது எப்போது வரும், எவ்வளவு வரும், என்ன வரி என்று விதைக்கும் முன்னால் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. புரட்டாசியில் உங்கள் அண்ணன் விதைக்கும்போது ஒரு விதி, தையில் அறுக்கும்போது வேறு விதி. என்னைக் கேட்டால் இறக்குமதி வரியைச் சந்தை விலையோடு இணைக்க வேண்டும். சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போனால் வரி தானாக ஏற வேண்டும், எட்டாத உயரத்துக்குப் போனால் தானாக இறங்க வேண்டும். யாரும் டெல்லியில் அவசரக் கூட்டம் போட வேண்டியதில்லை. விதைக்கிறவனுக்கும், அரைக்கிறவருக்கும், ஐராவதிக்காரனுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விலை ஏறும்போதெல்லாம் இருப்பு வைக்க வரம்பு போடுகிறார்கள். 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் மொத்த வியாபாரி 200 டன்னுக்கு மேல் வைக்கக்கூடாது என்றார்கள், செப்டம்பரில் அதை 50 டன் ஆக்கினார்கள். பதுக்குகிறவனைப் பிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அறுவடை நேரத்தில் மண்டிக்காரன் வாங்கவே பயந்தால் உங்கள் அண்ணன் மூட்டையை யாரிடம் இறக்குவார்?

உணவுப் பாதுகாப்பு என்றதும் நாம் எல்லாரும் அரிசியைத்தான் நினைக்கிறோம். 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அரிசி, கோதுமை, சிறுதானியம்தான், பருப்பு கிடையாது. தமிழ்நாட்டு ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு கிடைப்பது மாநிலம் தன் கைக்காசைப் போட்டு 2007-லிருந்து கொடுப்பது. 1961-ல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 69 கிராம் பயறு கிடைத்த நாட்டில் 2001-ல் 30 கிராம்தான் கிடைத்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் தண்ணீரும் நிச்சயக் கொள்முதலும் கொடுத்தோம், பயறை வானம் பார்த்த பூமிக்குத் தள்ளினோம். அரைக்கிலோ மாவு வாங்கிப் போன அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்கு அன்றைக்குக் குறைந்தது மாவு மட்டுமில்லை, புரதம். அதனால்தான் இந்தப் பேச்சு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

---

நம்புலாவில் இருந்தவன் (தூத்துக்குடி)

கணக்குப்பிள்ளை ஐயா மொசாம்பிக் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு வருகிறேன். நான் அங்கே நம்புலாவில் ஒரு பயறுக் கிட்டங்கியில் 2016 முதல் மூன்று வருடம் வேலை பார்த்தேன்.

துவரையை அங்கே ஃபெய்ஜாவ் போயர் என்பார்கள். மக்காச்சோளத்துக்கு இடையில் ஊடுபயிராகப் போடுவார்கள். பெரிய பண்ணை எல்லாம் இல்லை. ஒரு அம்மா தலையில் ஒரு துணி மூட்டையோடு செம்மண் ரோட்டில் நடந்து வருவார், தராசில் வைத்தால் பன்னிரண்டு, பதினைந்து கிலோ இருக்கும். அந்தக் காசில்தான் உப்பு, சோப்பு, பிள்ளைக்கு நோட்டு. 2016-ல் நல்ல விலை. ஒரு ஊரில் பல வீடுகளுக்குத் தகரக் கூரை ஏறியதை நான் பார்த்தேன். ஐயா சொன்ன இந்தியத் துவரை விலைதான் அந்தத் தகரம்.

அடுத்த வருடம் எல்லாரும் கூடுதலாகப் போட்டார்கள். அறுவடை வந்தது, இந்தியா உச்சவரம்பு போட்டது. முந்தின வருட விலையில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. ஒரு நாள் அதே மாதிரி ஒரு அம்மா மூட்டையோடு வந்தார். நான் விலையைச் சொன்னேன். தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து, வேறு தராசில் வைக்கச் சொன்னார். வைத்தேன். எடை அதேதான். இந்தியா என்றால் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

நம் அரசு ஒப்பந்தம் செய்த அளவுக்கு வாங்கிக்கொண்டுதான் இருந்தது, அதை மறுக்கவில்லை. அந்த ஒப்பந்தத்தைப் பிறகு நீட்டித்தார்கள், வருடத்துக்கு 2 லட்சம் டன். ஆனால் ஒப்பந்தத்துக்கு மேல் விளைந்த துவரை அந்த அம்மா வீட்டில்தானே இருந்தது? நம் சாப்பாட்டுக்காக இன்னொரு நாட்டு விவசாயியை விதைக்கச் சொன்னால், அவருக்கும் நாம் கொஞ்சம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

அது நமக்கே திரும்பியும் வரும். 2023 கடைசியில் நம் ஊரில் துவரை தட்டுப்பாடு. அப்போது அங்கே சுங்கத் தடங்கலும் கோர்ட் வழக்குமாகத் துவரை கப்பலேறாமல் கிடந்தது. அவர்கள் கதவைச் சாத்தினாலும் நமக்கு வலிக்கும்.

---

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி)

ஐயா, அடியோடு நிறுத்த வேண்டும் என்று கோபத்தில் எழுதினேன். பர்மாவிலும் நெல்வயல் ஈரத்தில்தான் போடுகிறார்கள் என்பது எனக்குப் புதிது. இருந்தாலும் மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதத்துக்காவது வரி வேண்டும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். வருடம் பூராவும் இறங்கட்டும், எங்கள் மூட்டை களத்தில் இருக்கும் அந்த மூன்று மாதம் மட்டும் பொறுக்கட்டும்.

---

பழைய கணக்குப்பிள்ளை (விருதுநகர்)

தம்பி கேட்பது நியாயம். நான் சொன்ன விதியில் அதுவே தானாக நடக்கும், அறுவடையில்தான் விலை சரியும். ஆனால் மாதக் கணக்கு வைத்தால், அந்த மூன்று மாதத்துக்கு முன்னாலேயே சரக்கை இறக்கிக் குவித்துவிடுவார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வரியை விலையோடு இணைக்கச் சொல்கிறேன்.

---

மாவுக்கடைக்காரி (மதுரை)

ஐயா, எல்லாவற்றையும் அண்ணனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். மொசாம்பிக் அம்மா வேறு தராசில் வைக்கச் சொன்ன இடம் வந்ததும், "இன்னொரு தடவை வாசி" என்றார். நம்மூர் மண்டியில் அவரும் அதே மாதிரி கேட்டிருக்கிறாராம்.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. தையில் அண்ணன் உளுந்து வந்ததும் ஆதரவு விலைக்கு நானே அவரிடம் எட்டு மூட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கருப்பு உளுந்தாகவே இருக்கும், தோல் நீக்கி உருட்டு உளுந்தாக வேண்டும். மில்லில் செய்து கொடுப்பார்களா? புது உளுந்து மாவு நல்லா காணும் என்பது என் அனுபவம், கிரைண்டரில் கைநீர் தெளிக்கத் தெளிக்கப் பொங்கி வரும். மீதி மூட்டைகளை அரசுக் கொள்முதலில் போட முடியுமா?

---

பழைய கணக்குப்பிள்ளை (விருதுநகர்)

எட்டு மூட்டைக்குப் பெரிய மில்லில் ஓட்ட மாட்டார்கள் அம்மா. சின்ன உடைப்பு மில்கள் கூலிக்குச் செய்வார்கள், அங்கே கேளுங்கள். எடை குறையும், தொலியும் குருணையும் போகத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். குருணையை விட்டுவிடாதீர்கள், வடைக்கும் தோசைக்கும் ஆகும். தொலியை மாட்டுக்கு வாங்கிக்கொள்வார்கள்.

கொள்முதலுக்கு இப்போதே அண்ணனைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புத்தகம் கொண்டுபோய்க் கேட்கட்டும். 2025 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பயறு இயக்கத்தில், பதிவு செய்த விவசாயி கொண்டுவரும் துவரை, உளுந்து, மைசூர் பருப்பை நான்கு வருடத்துக்கு முழுதாக ஆதரவு விலையில் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 11,440 கோடி ரூபாய்த் திட்டம். சொன்னதைக் கேட்டு வாங்குவது நம் வேலை.

முக்கியம், ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மார்கழிப் பனியில் களத்தில் போட்டுவிட்டு வெயில் ஏறும் வரைக்கும் மூடியே வைக்கச் சொல்லுங்கள். மூன்று வெயில் காயட்டும். பிறகு ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டக்கென்று உடையும் நாளில் மூட்டை கட்டலாம்.